அது உணவுப் புரதம் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் சென்ற வாரம் 'எலும்புப் புற்றுநோயைப் பரப்பும் புரதம்' என்ற தலைப்பில், அந்தப் புரதத்தைத் தடுத்தால் பரவல் நிற்கும் என்று வெளியான செய்தியைக் குறித்து இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் நோய்க்குறியியல் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். அந்தக் காலத்தின் பெரும்பகுதி எலும்புக் கட்டிகளின் திசுக்களை நுண்ணோக்கியில் பார்ப்பதிலேயே கழிந்தது. செய்தி வெளியான மூன்றாம் நாள், எனக்குத் தெரிந்த ஒரு தாய் அந்தப் பகுதியைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். அவருடைய பதினைந்து வயது மகன், முழங்காலுக்குச் சற்று மேலே தொடையெலும்பில் வந்த ஆஸ்டியோசார்கோமா என்ற புற்றுநோய்க்குக் கீமோதெரபி எடுத்துக்கொண்டிருக்கிறான். "புரதம்தான் நோயைப் பரப்புதுன்னு போட்டிருக்காங்க டாக்டர். ரெண்டு நாளா அவனுக்கு முட்டையும் பாலும் குடுக்கறதை நிறுத்திட்டேன். சரிதானே?" என்று கேட்டார்.

சரியில்லை என்று உடனே சொன்னேன். மருந்தின் வீரியத்தால் வாயெல்லாம் புண்ணாகி, குமட்டலில் நாளுக்கு நாள் எடை குறைந்துகொண்டிருக்கும் ஒரு சிறுவனுக்கு, வரவிருக்கும் அறுவை சிகிச்சைக்குமுன் உடலைத் தேற்றிக்கொள்ளப் புரதச் சத்துள்ள உணவு எவ்வளவு தேவை என்பதை அவனுக்குச் சிகிச்சை அளிக்கும் மருத்துவர்கள் ஏற்கெனவே அவரிடம் சொல்லியிருந்தார்கள். இருந்தும், அச்சில் வந்த ஒரு தலைப்பு அவர்களுடைய சொல்லைவிட வலுவாக அவர் மனத்தில் இறங்கிவிட்டது. அந்தத் தாயைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 'புரதம்' என்ற சொல் நம் வீடுகளில் உணவைப் பற்றிய பேச்சில்தான் வழங்குகிறது. அது வேறு எதையேனும் குறிக்கும்போது அதை விளக்க வேண்டிய கடமை எழுதுபவருக்கு உண்டு. தங்கள் செய்தியிலோ, எந்தப் புரதம் என்பதே கடைசிப் பத்திக்கு முந்தைய பத்தியில்தான், அதுவும் பெயரளவில், வருகிறது.

உண்ணும் புரதம் குடலில் அமினோ அமிலங்களாக உடைந்து இரத்தத்தில் கலக்கிறது. அந்த அமினோ அமிலங்களைக் கொண்டு ஒவ்வொரு செல்லும் தன் மரபணுக்களில் உள்ள குறிப்பின்படி தனக்கு வேண்டிய புரதங்களைத் தானே கட்டிக்கொள்கிறது. ஹீமோகுளோபினும் இன்சுலினும் அப்படி உருவாகும் புரதங்களே. செய்தியில் சொல்லப்பட்ட புரதமும் அப்படித்தான் உடலுக்குள் உருவாகிறது. அது எவ்வளவு சுரக்கும் என்பதை உணவுத் தட்டு தீர்மானிப்பதில்லை. இந்த இரண்டு மூன்று வாக்கியங்கள் செய்தியில் இருந்திருந்தால் அந்தத் தாய்க்கு என்னிடம் வரவேண்டிய தேவையே இருந்திருக்காது.

அந்தப் புரதத்தின் பெயர் இரத்தக் குழாய் உட்சுவர் வளர்ச்சிக் காரணி, மருத்துவர்கள் வி.இ.ஜி.எஃப். என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அதற்கு இரண்டு முறை பெயர் சூட்டப்பட்டது. 1983-ஆம் ஆண்டில் டொனால்ட் செங்கர், ஹெரால்ட் டுவோராக் ஆகியோரும் உடன் பணியாற்றியவர்களும், கினிப் பன்றிகளின் கட்டிகள் சுரக்கும் ஏதோ ஒரு பொருள் இரத்தக் குழாய்களைக் கசிய வைக்கிறது என்று கண்டறிந்து, அந்தக் கசிவையே அதற்குப் பெயராக வைத்தார்கள். 1989-இல் நெப்போலியோனே ஃபெராராவின் குழு, இரத்தக் குழாய்களின் உட்சுவர் செல்களைப் பெருகச் செய்யும் ஒரு புரதத்தைப் பிரித்தெடுத்தது. பிறகு பார்த்தால் இரண்டும் ஒன்றே. வளர்ச்சியைக் குறிக்கும் இரண்டாவது பெயரே நிலைத்துவிட்டது என்றாலும், நோய் எப்படிப் பரவுகிறது என்பதைப் புரிந்துகொள்ள வழக்கொழிந்துபோன முதல் பெயரே அதிகம் உதவும் என்பது என் கருத்து.

கட்டிக்கு இரத்தக் குழாய் எதற்கு என்ற கேள்வியை 1971-இல் ஒரு கட்டுரையின் மூலம் மருத்துவ உலகின் முன் வைத்தவர் ஜூடா ஃபோக்மன் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர். புதிய குழாய்கள் வந்து சேராவிட்டால் ஒரு கட்டி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளர முடியாது என்றார் அவர். அவருடைய ஆய்வுக்கூடத்தில் முயலின் கண்ணுக்குள் புற்றுநோய்த் திசுவின் சிறு துணுக்குகளை வைத்துப் பார்த்தார்கள். கண்ணின் முன்னறையில் உள்ள தெளிந்த நீரில் மிதந்த துணுக்குகள் உயிரோடு இருந்தனவே தவிர, ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரோடு நின்றுவிட்டன. அதே துணுக்கு கருவிழித் திரையின் இரத்தக் குழாய்களுக்கு அருகே சென்றதும், குழாய்கள் அதை நோக்கிக் கிளைவிட, அது பல மடங்கு பெருத்தது. இரத்தக் குழாயிலிருந்து ஆக்சிஜன் திசுவுக்குள் ஊடுருவும் தொலைவு 0.1 முதல் 0.2 மில்லிமீட்டர் வரைதான் என்பதே இதற்குக் காரணம். அந்த எல்லைக்கு அப்பால் இருக்கும் செல்கள் மூச்சுத் திணறுகின்றன. திணறும் செல்லுக்குள், வழக்கமாக உடனுக்குடன் சிதைக்கப்படும் ஹெச்.ஐ.எஃப். என்ற வேறொரு புரதம் சிதையாமல் தங்கிவிடுகிறது. அது செல்லின் உட்கருவுக்குள் புகுந்து வி.இ.ஜி.எஃப். மரபணுவை முடுக்கிவிடுகிறது. ஆக்சிஜன் குறைவதை உடல் உணரும் இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்ததற்காகத்தான் வில்லியம் கேலின், பீட்டர் ராட்க்ளிஃப், கிரெக் செமென்ஸா ஆகிய மூவருக்கும் 2019-ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆஸ்டியோசார்கோமா சிலவற்றில் ஆக்சிஜன் குறைவுக்கும் மேலாக இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. வி.இ.ஜி.எஃப். மரபணு அமைந்திருக்கும் 6-ஆம் குரோமோசோமின் பகுதி அந்தக் கட்டிகளில் வழக்கமான இரண்டு படிகளோடு (நகல்களோடு) நிற்காமல் பல படிகளாகப் பெருகியிருக்கும்.

இவ்வாறு அவசரத்தில் எழும் குழாய்கள் ஒழுங்கானவை அல்ல. இதை நான் படித்துத் தெரிந்துகொண்டதைவிடக் கண்ணால் பார்த்தது அதிகம். எலும்புத் துண்டை அப்படியே சீவ முடியாது. அமிலத்தில் நாள்கணக்கில் ஊறவைத்து, சுண்ணாம்புச் சத்து கரைந்து அது குருத்தைப்போல இளகிய பின்னரே மெல்லிய சீவல்களாக எடுத்துச் சாயமேற்றுவோம். ஆஸ்டியோசார்கோமாவின் ஸ்லைடில், ஒழுங்கற்ற செல்களுக்கு நடுவே, அந்தச் செல்களே அரைகுறையாகக் கட்டிய எலும்புக்கூழ் இளஞ்சிவப்புச் சரிகைபோலத் தெரியும். அதனூடே விரிந்து கிடக்கும் இரத்தக் குழாய்களுக்குச் சுவர் என்று சொல்லத்தக்கது மிக மெல்லியது; சில இடங்களில் குழாயின் விளிம்பில் நல்ல செல்களுக்குப் பதிலாகப் புற்றுச் செல்களே வரிசைகட்டி நிற்கும். வி.இ.ஜி.எஃப். இருக்கும் இடங்களைப் பழுப்பு நிறத்தில் காட்டும் சாயமேற்றினால், கட்டிச் செல்களின் உட்புறம் அழுத்தமான பழுப்பாக மாறும். திசு மாண்டு கிடக்கும் பகுதிகளின் ஓரத்தில், அதாவது ஆக்சிஜன் எட்டாத எல்லையில், அந்தப் பழுப்பு இன்னும் அடர்ந்திருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். ஒருமுறை இருபது நிமிடம் ஒரே ஸ்லைடை விட்டு எழ முடியாமல் உட்கார்ந்திருந்தேன். சிறு சிரை ஒன்றின் உள்ளே, சிவப்பணுக்களுக்கு நடுவே, ஏழெட்டுப் புற்றுச் செல்கள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு கிடந்தன. அவை எங்கே போய்க்கொண்டிருந்தன என்று எனக்குத் தெரியும்.

எலும்பிலிருந்து புறப்படும் சிரை இரத்தம் இதயத்தின் வலப்பக்கம் சேர்ந்து, அங்கிருந்து நேராக நுரையீரலுக்குச் செல்கிறது. முடியினும் மெல்லிய நுண்குழாய்களின் வலை அங்கேதான் முதலில் எதிர்ப்படுகிறது. மிதந்து வரும் செல்கள் சிக்கிக்கொள்கின்றன. ஆஸ்டியோசார்கோமா நிணநீர்க் கணுக்களுக்குப் பரவுவது அரிது, நுரையீரலுக்குப் பரவுவதே மிகுதி என்பதற்கு இந்தப் பாதையே பெரிதும் காரணம். ஆக, இந்தப் புரதம் இரண்டு வகைகளில் பரவலுக்குத் துணைபோகிறது: கசியும் சுவருள்ள குழாய்களை வளர்த்துக் கட்டியிலிருந்து வெளியேற வழி திறப்பது ஒன்று; நுரையீரலில் போய் ஒட்டிக்கொண்ட சில செல்கள் கண்ணுக்குத் தெரியும் முடிச்சாகப் பெருக அங்கும் குழாய்களை வரவழைப்பது மற்றொன்று. குழாய் வந்து சேராதவரை அத்தகைய சிறு திரள்கள் பெரிதாக வளர முடிவதில்லை. தங்கள் செய்தி 'பரப்பும் புரதம்' என்று ஒரே சொல்லில் அடைத்துவிட்டது இந்த இரண்டையும்தான்.

ஆஸ்டியோசார்கோமா அரிய நோய். பத்து லட்சம் பேருக்கு ஆண்டுக்கு மூன்று நான்கு பேர் என்ற அளவிலேயே வருகிறது. ஆனால் வருவது பெரும்பாலும் வளரும் பிள்ளைகளுக்கு என்பதாலும், கண்டறியும் நேரத்திலேயே ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு நுரையீரல் முதலிய இடங்களில் பரவல் கண்ணுக்குத் தெரிவதாலும் அதன் பெயரே அச்சுறுத்துகிறது. கீமோதெரபி வழக்கத்துக்கு வருமுன், 1970-களுக்கு முந்தைய காலத்தில், காலையோ கையையோ முழுமையாக அகற்றியும்கூட நோயாளிகளில் ஏறத்தாழ 80 சதவீதத்தினர் இறந்தார்கள். அறுவைக்கு முன்பே செல்கள் நுரையீரல் சேர்ந்திருந்தன என்பதுதான் அதற்குப் பொருள். இந்த நோய் வந்த கனடா நாட்டு இளைஞர் டெர்ரி ஃபாக்ஸ் 1977-இல் தம் 18-ஆம் வயதில் வலது காலை முழங்காலுக்கு மேலே இழந்தார், கீமோதெரபியும் பெற்றார். புற்றுநோய் ஆய்வுக்கு நிதி திரட்டச் செயற்கைக் காலோடு 1980 ஏப்ரலில் நாட்டின் கிழக்குக் கரையில் ஓடத் தொடங்கி, 143 நாள்களில் 5,373 கிலோமீட்டரைக் கடந்தபோது, இருமலும் நெஞ்சு வலியும் அவரை நிறுத்தின. நுரையீரலில் நோய் இருந்தது. மறு ஆண்டு ஜூன் 28-ஆம் நாள் அவர் இறந்தபோது வயது 22. மெத்தோட்ரெக்சேட், டாக்சோரூபிசின், சிஸ்பிளாட்டின் ஆகிய மூன்று மருந்துகளும் அறுவையும் சேர்ந்த இன்றைய சிகிச்சையில், பரவல் தெரியாத நிலையில் வருபவர்களில் 60 முதல் 70 சதவீதத்தினர் ஐந்து ஆண்டுகளைக் கடக்கிறார்கள். பரவிய பின் வருபவர்களில் அந்த எண் 20-30 சதவீதமாகச் சரிந்துவிடுகிறது. இந்த இடைவெளிதான் ஆய்வாளர்களை இந்தப் புரதத்தின் பக்கம் இழுக்கிறது. அவர்களுடைய ஆர்வம் முற்றிலும் நியாயமானது.

தங்கள் செய்தியில் எனக்கு மிகவும் உறுத்தியது, அந்தப் புரதத்தை ஒரு குற்றவாளியைப் போலச் சித்திரித்த முறைதான். பிள்ளைகளின் எலும்பு நீள்வதே இந்தப் புரதத்தின் தயவால். நீண்ட எலும்புகளின் முனைக்கு அருகே வளர்ச்சித் தட்டு என்ற குருத்தெலும்பு அடுக்கு இருக்கிறது. அங்கே முதிர்ந்து பெருத்த குருத்தெலும்புச் செல்கள் வி.இ.ஜி.எஃப். சுரந்து இரத்தக் குழாய்களை அழைக்கின்றன. குழாய்களோடு வரும் செல்கள் பழைய குருத்தெலும்பை அரித்து அகற்றி, அந்த இடத்தில் எலும்பைக் கட்டுகின்றன. 1999-இல் வெளியான ஓர் ஆய்வில் இளம் எலிகளுக்கு இந்தப் புரதத்தைத் தடுத்துப் பார்த்தார்கள். குழாய்கள் நுழைவது கிட்டத்தட்ட நின்றுபோயிற்று; எலும்பாக மாறாத குருத்தெலும்பு தடித்துக்கொண்டே போயிற்று; தடையை விலக்கியதும் எலும்பாக்கம் மீண்டும் தொடங்கியது. கருவில் இதன் தேவை இன்னும் பெரிது: எலிக் கருவில் இதற்குரிய இரண்டு மரபணுப் படிகளில் ஒன்றே ஒன்று செயலிழந்தால்கூடக் கரு பிழைப்பதில்லை என்று 1996-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே காட்டின. ஆஸ்டியோசார்கோமா பெரும்பாலும் தோன்றும் இடமும் முழங்காலைச் சுற்றிய, வேகமாக வளரும் எலும்பு முனைகளே. வயதும் துரித வளர்ச்சிக்குரிய பதின்பருவமே. எனவே கட்டி ஒரு புதிய ஆயுதத்தை எங்கிருந்தோ கொண்டுவரவில்லை. பக்கத்திலேயே எலும்பை வளர்த்துக்கொண்டிருக்கும் குரலைத் தானும் எழுப்புகிறது. அந்தக் குரலை மருந்தால் அடக்க நினைப்பவர்கள், இன்னும் வளர்ந்து முடியாத பிள்ளையின் எலும்பையும் அறுவைக்குப் பின் ஆற வேண்டிய காயத்தையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அடுத்து, தங்கள் செய்தியில் வந்த 'கண்டுபிடிப்பு' என்ற சொல். கட்டியில் வி.இ.ஜி.எஃப். மிகுதியாக இருக்கும் ஆஸ்டியோசார்கோமா நோயாளிகளுக்கு நுரையீரல் பரவல் அதிகம் என்று 2000-ஆம் ஆண்டிலிருந்தே கட்டுரைகள் வருகின்றன. அவற்றில் பல, சில பத்து நோயாளிகளின் ஸ்லைடுகளை மட்டும் வைத்து எழுதப்பட்டவை. இரண்டும் சேர்ந்து காணப்படுகின்றன என்று அவை காட்டுமே தவிர, ஒன்றால்தான் மற்றது நேர்ந்தது என்று அவற்றால் நிறுவ முடியாது. அதற்காகவே ஆய்வுக்கூடத்தில் வளர்த்த செல்களிலும் எலிகளிலும் புரதத்தை முடக்கிப் பார்க்கிறார்கள். எலியில் கட்டி சுருங்கியது என்பது நல்ல செய்திதான். ஆனால் எலியிலிருந்து நோயாளியின் படுக்கை வரை உள்ள தொலைவைக் காட்ட இதே துறையிலேயே பழைய பாடம் ஒன்று இருக்கிறது. 1998 மே மாதம், குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள்களால் கட்டி சுருங்கிய ஃபோக்மனின் ஆய்வுக்கூடத்து எலிகளைப் பற்றி நியூயார்க்கின் பெரிய நாளிதழ் ஒன்று முதல் பக்கத்தில் எழுதியபோது, புற்றுநோய்க்கு விடிவு வந்துவிட்டதாகவே பலர் நம்பினார்கள். மருந்து கேட்டு மருத்துவமனைகளைத் தொலைபேசியில் அழைத்தார்கள். அந்தச் செய்தி முன்னிறுத்திய பொருள்கள் அந்த நம்பிக்கையை நிறைவேற்றவில்லை. வி.இ.ஜி.எஃப். புரதத்தைப் பிடித்து முடக்கும் பெவாசிசுமாப் என்ற வேறொரு மருந்து 2004 பிப்ரவரியில்தான் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதுவும் பரவிய பெருங்குடல் புற்றுநோய்க்கு. அந்த ஆய்வில் நோயாளிகளின் இடைநிலை வாழ்நாள் 15.6 மாதத்திலிருந்து 20.3 மாதமாக உயர்ந்தது. மார்பகப் புற்றுநோய்க்கு 2008-இல் அளித்த அனுமதி, பயன் போதவில்லை என்று 2011-இல் திரும்பப் பெறப்பட்டது.

ஆஸ்டியோசார்கோமாவில் நிலைமை என்ன? வழக்கமான கீமோதெரபியோடு பெவாசிசுமாப் சேர்த்துக் கொடுத்துப் பார்த்ததில் எதிர்பார்த்த முன்னேற்றம் கிட்டவில்லை. அறுவைக் காயம் ஆறுவதில் சிக்கல்கள் கூடின. இந்தப் புரதம் வந்து அமரும் ஏற்பிகளைத் தடுக்கும் மாத்திரைகள் சற்று மேலானவையாகத் தெரிகின்றன. கீமோதெரபிக்குப் பின்னும் பரவிய நோய் முன்னேறியவர்களிடம் ரெகோராஃபெனிப் மாத்திரையைச் சோதித்த பிரெஞ்சு ஆய்வு 2019-இல் வெளியானது. எட்டு வாரங்களுக்குப் பிறகு, மருந்து பெற்ற 26 பேரில் 17 பேருக்கு நோய் முன்னேறாமல் நின்றிருந்தது. வெற்று மாத்திரை பெற்ற 12 பேரில் ஒருவருக்கும் நிற்கவில்லை. இந்த வேறுபாடு உண்மையானது, மதிக்கத்தக்கது. எனினும் இத்தகைய மருந்துகள் தருவது பெரும்பாலும் சில மாத அவகாசம். இரத்த அழுத்தம் உயர்வது, கைகால்களில் தோல் உரிந்து எரிவது, அரிதாக நுரையீரலில் இருக்கும் முடிச்சு சிதைந்து நெஞ்சறையில் காற்று புகுவது ஆகியவை உடன் வரும் துன்பங்கள். குழாயமைக்க உதவும் சமிக்ஞை இது ஒன்று மட்டுமில்லை என்பதால், ஒரு வழியை அடைத்தால் கட்டி வேறு வழியைத் தேடிக்கொள்வதும் உண்டு. இவற்றில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் 'புரதத்தைத் தடுத்தால் பரவல் நிற்கும்' என்று எழுதியது, நோயாளிகளின் வீடுகளில் என்ன எதிர்பார்ப்பை எழுப்பும் என்பதைத் தங்கள் ஆசிரியர் குழு எண்ணிப் பார்த்திருக்கலாம்.

செய்தியில் இன்னொரு தவறும் உண்டு. முதுகெலும்புக்குப் பரவிய மார்பகப் புற்றுநோயையும் அதே பத்தியில் எலும்புப் புற்றுநோய் என்றே குறிப்பிட்டிருக்கிறீர்கள். எலும்பிலேயே தோன்றும் நோய் வேறு. மார்பகம், புராஸ்டேட், நுரையீரல் போன்ற இடங்களில் தோன்றி எலும்புக்கு வந்து சேரும் நோய் வேறு. பின்னதுதான் மிக அதிகமாகக் காணப்படுவது. இரண்டுக்கும் சிகிச்சை ஒன்றல்ல.

அறிவியல் செய்திகளைக் குறைக்கச் சொல்வது என் நோக்கமன்று, ஏராளமாக எழுதுங்கள். ஓர் ஆய்வு கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்களில் நடந்ததா, எலிகளில் நடந்ததா, நோயாளிகளிடம் நடந்ததா என்பதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள். தலைப்பில் 'இரத்தக் குழாய்களை வளர்க்கும் சமிக்ஞைப் புரதம்' என்று நான்கு சொற்கள் கூடினால் இடம் போய்விடாது. மிச்சம் இடமிருந்தால், பதின்பருவப் பிள்ளைகளுக்கு முழங்காலையோ தோளையோ ஒட்டிய எலும்பில் வாரக்கணக்கில் நீடிக்கும் வலியும், இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலியும், வீக்கமும் இருந்தால் விளையாட்டில் பட்ட அடி என்று ஒதுக்காமல் ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும் என்பதையும், கட்டி என்று ஐயம் எழுந்தால் பின்னர் அறுவை செய்யப்போகும் சிறப்பு மையத்திலேயே, திசுவைச் சிறிது எடுத்துச் சோதிக்கும் பயாப்சியும் எடுப்பது நல்லது என்பதையும் சேர்த்துப் போடுங்கள். தவறான இடத்தில் பயாப்சி ஊசி நுழைந்த பாதையில் புற்றுச் செல்கள் சிந்தியதால், காப்பாற்றியிருக்கக்கூடிய காலை அகற்ற நேர்ந்த திசுக்கள் என் மேசைக்கு வந்ததுண்டு.

செய்தி வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், உணவிலுள்ள புரதத்துக்கும் இந்த ஆய்வுக்கும் தொடர்பில்லை, சிகிச்சையில் இருப்பவர்கள் தம் மருத்துவரைக் கேட்காமல் உணவை மாற்ற வேண்டாம் என்று ஒரு விளக்கக் குறிப்பு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். என் பேச்சைக் கேட்டு அந்தத் தாய் தலையாட்டினார். ஆனால் புறப்படும்போது கத்தரித்த தாளைக் கசக்கி எறியாமல் மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டதையும் பார்த்தேன். அவர் பல ஆண்டுகளாகத் தங்கள் நாளிதழை வாங்குபவர். குறிப்பு வெளிவந்தால் அவர் கண்ணில் படும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நோய்க்குறியியல் மருத்துவர் ஒருவர்